தொப்பி யாருக்கு என்று என்னிடம் கேட்காதீர்கள்

கமலாலயக் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு டீக்கடையில் உட்காரும் கூட்டத்தில் நானும் ஒருவன். மார்ச் மாதம் வந்துவிட்டால் அங்கே வேறு பேச்சே கிடையாது. ஐ.பி.எல்.லில் ஆரஞ்சுத் தொப்பி யாருக்கு, ஊதாத் தொப்பி யாருக்கு என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் நண்பர் அதைத் தன் பேரனிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுதியே வைக்கிறார்.

"ஏனுங்க வாத்தியாரே, நீங்க கணக்கு வாத்தியாரு. உங்க கணக்குப்படி யாருங்க?" என்று போன வருடம் கேட்டார். நான் சொல்ல மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டார். அவருக்கும், என்னைப் போல் எழுபதைத் தாண்டியும் இந்த ஆரூடத்தில் இறங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் என் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கையே பார்ப்போம். ஆரஞ்சுத் தொப்பி அதிக ரன் எடுப்பவருக்கு. அதிக ரன் எடுக்க அதிகப் பந்து ஆட வேண்டும். அதனால் 2008 முதல் அதை வென்றவர்கள் ஏறக்குறைய எல்லோருமே தொடக்க ஆட்டக்காரர்கள் அல்லது மூன்றாவதாக இறங்கியவர்கள். கடைசி ஓவர்களில் இறங்கி 8 பந்தில் 22 அடித்து அணியைக் கரை சேர்ப்பவனுக்கு அந்தத் தொப்பி எட்டவே எட்டாது. லீக்கோடு வெளியேறும் அணிக்கு 14 ஆட்டம், இறுதிவரை போகும் அணிக்கு 17 ஆட்டம் வரை கிடைக்கலாம். இத்தனை சாய்மானம் உள்ள தராசில் எடை பார்த்துவிட்டு, இவன்தான் பெரியவன் என்கிறோம்.

ஆரூடமாவது பலிக்கிறதா? முதல் வருடமே ஷான் மார்ஷ் 616 ரன் எடுத்தார். ஏலத்தில் கோடிகளுக்குப் போன பெரிய பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு அவரைச் சொன்னவர் நம் கடையில் யாரும் இல்லை. 2021-ல் ஹர்ஷல் படேல் 32 விக்கெட் எடுப்பார் என்றும் யாரும் சொல்லவில்லை. 2025-ல் நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் 759 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பி வாங்கியபோது, போஸ்ட்மாஸ்டரின் நோட்டில் அவர் பெயரே இல்லை.

நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஐ.பி.எல்.லில் அவருக்கு 16 விக்கெட். ஊதாத் தொப்பி வென்ற ரபாடாவுக்கு 30. தொப்பிக் கணக்கில் நடராஜன் ரபாடாவுக்குப் பாதிக்குச் சற்று மேல். ஆனால் அந்தத் தொடரில் அவரைப் போல் யார்க்கர் போட்டவர் கிடையாது. டி வில்லியர்ஸையே யார்க்கரில் ஸ்டம்ப் பறக்க வீழ்த்தினார். ஒரு ரன்னோடு போகும் யார்க்கருக்குத் தொப்பிக் கணக்கில் ஒரு பைசா மதிப்பில்லை. தொப்பியை மட்டும் பார்க்காத யாரோ அதையும் பார்த்தார்கள். வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டு ஊர் திரும்பினார்.

"அட, வெறும் பேச்சுதானுங்களே, இதுல என்ன கெட்டுப்போச்சு?" என்பார் போஸ்ட்மாஸ்டர். கெடுகிறது ஐயா. போன வருடம் உங்கள் அணிக்கே ஒரு விக்கெட் விழுந்தபோது நீங்கள் முகம் சுளித்ததை நான் பார்த்தேன். ஏன் என்றால், "நான் சொன்ன பவுலருக்குப் போகலையே" என்றீர்கள். அணி ஜெயிப்பதுகூட உங்களுக்குச் சந்தோஷம் தரவில்லை. சொன்ன பெயர் ஒன்றைத் தவிர மற்ற பத்துப் பேரும் உங்கள் கண்ணுக்கு மறைந்துபோனார்கள்.

இதை நான் ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. செய்த பாவத்தைச் சொல்கிறேன்.

மாநில முதலிடம் என்ற மோகம் நாமக்கல் பக்கம் எப்படி ஆட்டிவைத்தது என்று உங்களுக்கே தெரியும். நான் வேலை பார்த்த பள்ளியிலும் ஆகஸ்டு பிறந்தால் ஆசிரியர் அறையில் இதே ஆரூடம்தான். பன்னிரண்டாம் வகுப்பில் இந்த வருடம் யார் முதல்? ஒரு வருடம் நான் ஒரு தறிக்காரர் மகனைச் சொன்னேன். சொன்னதைப் பலிக்க வைக்க வேண்டுமே என்று காலையிலும் மாலையிலும் அவனோடே உட்கார்ந்தேன். அவன் 1,200-க்கு 1,152 வாங்கினான். அந்தக் காலத்தில் அது பெரிய மதிப்பெண். ஆனால் மாநில இடம் இல்லை. பெயில் ஆனவனைப் போல என் முன்னால் தலைகுனிந்து நின்றான். அப்படி நிற்க வைத்தது என் ஆரூடம்.

அதே வகுப்பில் கடைசி வரிசைப் பையன் ஒருவன் கணக்கில் 64 வாங்கினான். தேற 70 வேண்டும். ஆறு மதிப்பெண். ரிசல்ட் வந்த பிறகு அவன் நோட்டை வாங்கிப் புரட்டினேன். என் சிவப்பு மை கடைசியாக இருந்தது டிசம்பர் மாதத்தில். ஜனவரி, பிப்ரவரி முழுக்கப் போட்ட கணக்குகளை அவன் தப்பும் தவறுமாக, ஒருநாள் விடாமல் எழுதியிருந்தான். நான் பார்க்கவே இல்லை. ஆறு மதிப்பெண்ணுக்கு என்னுடைய பத்து நாள் போதும்.

2017 முதல் முதல் மூன்று இடங்களின் பெயரை அறிவிப்பதை அரசு நிறுத்தியது. நான் ஓய்வு பெற்று வெகு நாள் கழித்து வந்த அறிவு அது. வந்தவரை சந்தோஷம்.

யூகிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு எந்த அணி ஜெயிக்கும் என்று கேளுங்கள், நானும் சொல்கிறேன், டீக்காசும் கட்டுகிறேன். அது பதினோரு பேரையும் பார்க்க வைக்கும் யூகம். தொப்பி யாருக்கு என்பது ஒருவனைப் பார்த்துப் பத்துப் பேரை மறக்கிற யூகம். அதைப் பேரன் கையிலும் நோட்டுப் போட்டுக் கொடுக்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம் அந்தப் பேரனைக் கூப்பிட்டு, "கண்ணு, அந்த நோட்டுல இன்னும் ரெண்டு கோடு போடு. ரன் கொடுக்காத பந்து எத்தனை, பிடிச்ச கேட்ச் எத்தனைன்னும் எழுது" என்றேன். போட்டுவிட்டான். இனி டீக்கடையில் அந்த இரண்டு கட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுகிறேன்.