சத்தம் எங்கேயிருந்து வருது?

காட்டுமன்னார்கோயிலில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் எட்டு வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். சொகுசுக்காக இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மாதம் ஒருமுறை சிதம்பரம் டாக்டரிடம் போக வேண்டும். பஸ் படி ஏற அம்மாவால் முடியவில்லை.

வாங்கிய அன்று வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. இரண்டு மழை பெய்து ஓய்ந்ததும் ‘கிறீச்... கிறீச்...’ ஆரம்பித்துவிட்டது.

“என்னங்க, பழைய கட்டில் மாதிரி சத்தம் வருது?” என்கிறார் மனைவி.

“பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, கணவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறார்.

செகண்ட் ஹேண்ட் கார் வைத்திருக்கும் பல வீடுகளில் நடப்பது இதுதான். பழைய காரில் வரும் சத்தங்களில் பெரும்பாலானவை காதுக்கு மட்டும்தான் தொல்லை. ஆனால் ஓரிரண்டு சத்தங்கள் உயிருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே எச்சரிப்பவை. பாட்டைக் கூட்டினால் இரண்டுமே காதில் விழாது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

வாங்கிய அன்று ஏன் கேட்கவில்லை?

சக்கரத்தையும் வண்டியையும் இணைக்கும் கம்பிகளுக்கு நடுவே ‘புஷ்’ என்ற ரப்பர் துண்டுகள் இருக்கும். குழியில் விழும் அதிர்ச்சியைத் தாங்குபவை இவைதான். வயதாகிக் காய்ந்து வெடித்துவிட்டால் கிறீச்சிடும். அதன் மேல் கொஞ்சம் எண்ணெய் அடித்தால் சத்தம் அடங்கிவிடும். விற்பவர் வண்டியைக் காட்டுவதற்கு முன் இதைச் செய்துவிட முடியும். ஒன்றிரண்டு மழையில் எண்ணெய் போய்விட்டால், பழைய சத்தம் திரும்ப வந்துவிடும்.

நாமும் அதே தவறைச் செய்யக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி, உப்பி, இன்னும் சீக்கிரம் கெட்டுவிடும். ரப்பருக்கு ஏற்றது சிலிக்கான் ஸ்பிரே.

‘எங்கே’ என்பதைவிட ‘எப்போது’ முக்கியம்

காரின் உடம்பு முழுக்கத் தகடு. ஒரு மூலையில் எழும் சத்தம் தகடு வழியாக ஓடி, வேறு மூலையில் கேட்கும். முன்சக்கரத்தில் வருவது டிரைவர் சீட்டுக்கு அடியில் வருவதுபோல் இருக்கும். காதை நம்பி ‘இங்கேதான்’ என்று கைகாட்டி, ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்கள் உண்டு.

அதனால் முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள். சத்தம் வரும்போது வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா? ஸ்டியரிங் திருப்பும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, ஸ்பீடு பிரேக்கரிலா? காலைக் குளிரில் மட்டுமா, மதிய வெயிலிலுமா? வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறதா? யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்?

கடைசிக் கேள்வி சிரிப்பாகத் தெரியலாம். நம் காட்டுமன்னார்கோயில் வீட்டில் அதுதான் முதல் துப்பு. குமராட்சி வழியாகச் சிதம்பரம் போகும்போது பின்சீட்டிலிருந்து அம்மா சொல்கிறார்:

“ஏண்டா, நான் இந்தக் கதவுல சாஞ்சா சத்தம் நிக்குது. நிமிந்தா வருது.”

செலவில்லாத இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்

டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர் தன் இடத்தில் இறுக்கமாக இருக்கிறதா? ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா? கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, தூணில் தட்டும் சீட் பெல்ட் கொக்கி, தளர்ந்த நம்பர் பிளேட் எல்லாமே சத்தம் போடும். பின்சீட்டின் முதுகு சரியாக ‘க்ளிக்’ ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து கதவு ஓர ரப்பர். அதில் புழுதி ஏறிக் காய்ந்துபோனால், வண்டி குலுங்கும்போதெல்லாம் தகட்டில் உரசிக் கிறீச்சிடும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவினால் போதும். அம்மா சாய்ந்ததும் நின்ற சத்தம் இதுதான்.

இந்த வேலையோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னியைத் தூக்கினால் பள்ளத்தில் வண்டல் படிந்திருக்கிறதா? சீட்டை முன்னும் பின்னும் தள்ளினால் கிறீச்சிடுகிறதா, அடித் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரிகிறதா? இவையெல்லாம் இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. வீராணமும் கொள்ளிடமும் அருகில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு, தண்ணீர் வடிந்த பிறகு மிச்சம் வைக்கும் சேறு எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

கீழே இருந்து வரும் சத்தங்கள்

மேலே எல்லாம் சரி செய்தும் சத்தம் வந்தால், கீழே பார்க்க வேண்டும். பொதுவான அடையாளங்கள் இவை:

* மழைக்கு மறுநாள் காலை, முதல் சில பிரேக்கில் மட்டும் ‘கரகர’ என்றால் டிஸ்க்கில் படிந்த மேல்துரு. தானே போய்விடும். நாள் முழுக்க நீளமான ‘கீச்’ வந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். பல பேடுகளில், தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடுவதற்கென்றே ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். அதையும் தாண்டி இரும்பு அரைபடுவதுபோல் கேட்டால் வண்டியை ஓட்டாதீர்கள்.

* ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் கிளம்பும்போது ‘டக் டக் டக்’ என்றால் ஆக்சில் ஜாயிண்ட்டைப் பார்க்க வேண்டும். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கும்.

* வேகம் கூடக் கூட ‘ஊ...ம்’ என்று உறுமல் ஏறினால் வீல் பேரிங் ஆக இருக்கலாம்.

* சின்னச் சின்னக் குழியில் ‘கடகட’ என்றால் ஸ்டெபிலைசர் லிங்க். ஸ்பீடு பிரேக்கரில் மெதுவான ‘கிறீச்’ என்றால் புஷ்.

* நிறுத்திய நிலையில் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்றால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்.

அறுவடைக் காலத்தில் இன்னொன்றும் உண்டு. ரோட்டில் காயும் வைக்கோல் மீது ஓட்டினால், அது ஆக்சிலில் சுற்றிக்கொண்டு ‘சரசர’ என்று உரசும். சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளவும் கூடும். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சூடு ஆறியபின் எடுத்துவிடுங்கள்.

மிச்சமிருந்த ஒரு சத்தம்

கதவு ரப்பரைத் துடைத்ததும் நம் வீட்டுக்காரருக்கு நிம்மதி. மறுநாள் லால்பேட்டை தாண்டி, வீராணம் ஏரிக்கரை ரோட்டில் சேத்தியாத்தோப்புக்கு ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். ஆனால் மனைவி குறித்து வைத்த தாளில் ஒரு வரி மிச்சம் இருக்கிறது: ‘ஸ்பீடு பிரேக்கரிலும் வருது, ஸ்டியரிங் திருப்பினாலும் வருது.’

“இது கதவுச் சத்தம் இல்லைங்க. கதவு எப்படி ஸ்டியரிங் திருப்பினா கத்தும்?”

அந்த ஒரு கேள்விக்காக வண்டி மெக்கானிக் ஷெட்டுக்குப் போகிறது. இவர் தாளை நீட்டுகிறார்.

“எழுதியே கொண்டாந்துட்டீங்களா சார்? பாதி வேலை முடிஞ்சிது” என்கிறார் மெக்கானிக்.

வண்டியைத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, தொங்கும் முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுகிறார். ‘டொக்’ என்று ஆடுகிறது.

“சார், பிரேக்கை மிதிங்க.”

மிதித்த பிறகும் ஆட்டம் இருக்கிறது. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றிருந்தால் பேரிங் மீது சந்தேகம் வந்திருக்கும். நிற்காததால் பால் ஜாயிண்ட்டைப் பார்க்கிறார். உறை கிழிந்திருக்கிறது. கிரீஸ் போய், மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளே துரு ஏறியிருக்கிறது.

பால் ஜாயிண்ட் என்பது கிண்ணத்துக்குள் உருளும் ஒரு இரும்புக் குண்டு. அம்மாவின் முழங்கால் போல இதுவும் ஒரு மூட்டுதான். முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவது இதைப் பிடித்துக்கொண்டுதான். தேய்ந்துபோய்க் குண்டு கிண்ணத்திலிருந்து கழன்றால், சக்கரம் வெளிப்பக்கம் மடங்கிவிடும். ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் சரிவு என்று போகும் கரை ரோட்டில் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

“இது இருக்கறவரைக்கும் வண்டிய வெளியூர் எடுக்காதீங்க” என்கிறார் மெக்கானிக்.

மறுநாள் கல்யாணத்துக்கு எல்லோரும் ஆட்டோவில் போகிறார்கள்.

சில கார்களில் பால் ஜாயிண்ட் தனியாகக் கிடைக்கும். சிலவற்றில் லோயர் ஆர்மோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். எதுவானாலும், மாற்றுவதற்கு முன் “ஆட்டம் எங்கே இருக்குன்னு காட்டுங்க அண்ணே” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். கழற்றிய சாமானை வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் அவசியம். முக்கியமாக, வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. அது டயர் மாற்ற மட்டும்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு

ட்ரையல் ஓட்டும்போது பாட்டையும் ஏசியையும் நிறுத்துங்கள். கண்ணாடியை ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை ஓட்டுங்கள். மெதுவாக ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்த பிறகு இன்னொரு முறை போய் ஓட்டிவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அடுத்த மாதம் சிதம்பரம் போகும்போது குமராட்சி வரை யாரும் பேசவில்லை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டி ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குகிறது. சத்தம் இல்லை.

“இப்ப போடுடா உன் பாட்டை” என்கிறார் அம்மா.