முதியோர் இல்லத்தில் பிபி மாத்திரை: அளக்காமல் கொடுக்காதீங்க

1/ அம்மா, அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கீங்களா? சேர்க்கப் போறீங்களா? இந்தத் த்ரெட் உங்களுக்குத்தான். ரூம் எப்படி, சாப்பாடு எப்படினு எல்லாம் கேட்கறோம். "பிபி எழுதி வைக்கிற நோட்டைக் காட்டுங்க"னு கேட்கிறவங்க ரொம்பக் கம்மி.

2/ இல்லத்தில் கீழே விழுந்து, இடுப்பெலும்பு உடைஞ்சு கேஷுவாலிட்டிக்கு வர்ற பெரியவங்களைப் பார்க்கறோம். கூட வந்தவர்கிட்ட "கடைசியா பிபி எவ்வளவு இருந்துச்சு?"னு கேட்டா, "டெய்லி மாத்திரை கரெக்டா கொடுத்துடறோம் டாக்டர்"னு சொல்றாங்க. நான் கேட்டது அது இல்லீங்க.

3/ ரெண்டு நாளா வயித்துப்போக்கு. சாப்பாடு இறங்கல. அன்னைக்கும் வழக்கம்போல நீர் பிரியற மாத்திரையும் டெல்மிசார்ட்டனும் கொடுத்தா பிபி சரியும், கிட்னியும் அடிவாங்கும். மாத்திரை டப்பா காலியாகறதுக்குப் பேர் கவனிப்பு இல்லை.

4/ உட்கார வெச்சு மட்டும் பிபி பார்த்தா போதாது. வயசானவங்களுக்குப் படுத்திருக்கும்போது 140, எழுந்து நின்னா 110னு இருக்கலாம். நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினா, டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவங்க தலைசுத்தி விழறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

5/ விழுங்க முடியலனு மாத்திரையை இடிச்சுக் கஞ்சியில் கலக்கறாங்க. ரிடார்ட், எக்ஸ்எல், ஈஆர்னு போட்டதை இடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெதுவா இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிடும்.

6/ பிபி 180னு பார்த்ததும் பதறி, நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் வைக்காதீங்க. பிபி மடமடனு விழுந்தா பக்கவாதமே வரலாம். அதேபோல ஸ்டாக் இல்லனு குளோனிடின், அட்டெனலாலைத் திடீர்னு நிறுத்தறதும் ஆபத்து.

7/ "ஆள் இல்லை, நேரம் இல்லை"னு நிர்வாகம் சொல்லும். 2021ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்தில், கிராமத்து வீட்டு வாசலுக்கே பெண் தன்னார்வலர் பிபி கருவியோட போறாங்க, மாத்திரையும் கொடுக்கறாங்க. மாசாமாசம் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கற இல்லத்தால ஒரு மிஷின் வாங்கி, ஒரு நோட்டில் எழுத முடியாதா?

8/ அடுத்த தடவை போகும்போது நாலு கேள்வி கேளுங்க:
• மாத்திரை கொடுக்கறது யாரு? பயிற்சி இருக்கா?
• கொடுக்கறதுக்கு முன்னாடி பிபி பார்த்து, தேதி, நேரத்தோட எழுதறீங்களா?
• எந்த அளவுக்குக் கீழ போனா மாத்திரையைக் கொடுக்காம டாக்டருக்கு போன் பண்ணணும்னு சீட்டில் எழுதி வாங்கியிருக்கீங்களா?
• மொத்த மாத்திரையையும் டாக்டர் கடைசியா எப்போ சரிபார்த்தார்?

9/ இதைப் படிச்சுட்டு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. பிபி ஏறினாலும் பக்கவாதம்தான். கொடுங்க, ஆனா அளந்துட்டுக் கொடுங்க. நோட்டு இல்லனு சொல்ற இல்லத்தில், அன்னைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து முதல் பக்கத்தை நீங்களே எழுத வைங்க. கட்டணம் கட்டறவங்க கேட்டாதான் இது மாறும்.