வியர்வைக்குச் சாதி இல்லை

சத்துவாச்சாரி தொடங்கி மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் ஷாப்பையும் ஷூ கம்பெனியையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நம் குடும்பங்கள். ஷிப்டு முடிந்து பேருந்தில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்காருகிறார். தோல் ஷாப்பில் வேலை செய்பவரின் பிள்ளை என்று தெரிந்தால் வகுப்பறையிலும் கேலி தொடங்கிவிடுகிறது. இந்த அவமானத்தை வீட்டில் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு, ஏதோ ஒரு காரணம் சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உடல் நாற்றத்தைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தால் நமக்கு இரண்டு நஷ்டம். உடம்பைப் பேணும் முறை தெரியாமல் போகிறது. கேட்டு வாங்க வேண்டிய உரிமையும் கேட்காமலே போகிறது. அதனால் இரண்டையும் இங்கே வெளிப்படையாகப் பேசிவிடுவோம்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

மனித உடலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு வகை உண்டு. உடல் முழுவதும் பரவியிருக்கும் ஒரு வகை, தண்ணீரும் உப்புமான வியர்வையைச் சுரந்து உடல் சூட்டைத் தணிக்கிறது. இன்னொரு வகை அக்குளிலும் தொடையிடுக்கிலும் அதிகம். பருவம் எய்தும் வயதில்தான் அது வேலை செய்யத் தொடங்கும். அதில் சுரப்பது சற்றுக் கெட்டியாக, கொழுப்பும் புரதமும் கலந்து இருக்கும்.

இந்த இரண்டு வியர்வையும் சுரக்கும்போது பெரும்பாலும் வாடையற்றவை. தோலின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் அந்தக் கெட்டி வியர்வையைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் உண்டாகிறது. ஏழாம், எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகு உடல் வாடை மாறுவதற்குக் காரணம் இதுவே. அக்ரகாரத்துப் பிள்ளைக்கும், ஊர்த்தெருப் பிள்ளைக்கும், நம் தெருப் பிள்ளைக்கும் இது ஒரே விதமாகத்தான் நடக்கிறது. வியர்வையில் சாதியைக் கண்டுபிடிக்கும் கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை.

தோல் ஷாப் வாடை இதிலிருந்து வேறானது. உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைத்து, முடி நீக்குவதற்காகச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுகிறார்கள். அழுகிய முட்டை போன்ற வாடை அந்தச் சல்பைடிலிருந்து வருகிறது. அது உடையிலும் தலைமுடியிலும் ஏறிக்கொள்ளும். அது ரசாயனத்தின் வாடை. அந்தத் தொட்டியருகே யார் எட்டு மணி நேரம் நின்றாலும் அவர் மேல் அதே வாடைதான் வீசும். பதனிட்ட தோலில் செய்த ஷூவை விலை கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்பவர், அதைச் செய்த கையைக் கண்டு முகம் சுளிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

இதில் உயிர் காக்கும் செய்தியும் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு என்ற இந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. ‘நாற்றம் குறைந்துவிட்டது’ என்று எண்ணிக் கழிவுத் தொட்டியில் இறங்குவது சாவை நோக்கி இறங்குவதாகும். நம் பகுதியில் எத்தனையோ உயிர்கள் அப்படிப் போயிருக்கின்றன. யார் சொன்னாலும் இறங்காதீர்கள்.

தீட்டு வேறு, தூய்மை வேறு

1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். கால்நடைகள் வாய் வைக்கலாம், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் தொடக்கூடாது என்று இருந்த குளம் அது. அதன் பிறகு சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் குடம் குடமாகக் கொட்டி மந்திரம் ஓதிக் குளத்தைப் ‘புனிதப்படுத்தினார்கள்’. குடிக்கும் தண்ணீரில் சாணத்தைக் கரைத்துவிட்டு அதைச் சுத்தம் என்று சொன்னவர்கள்தான் நம்மை அசுத்தமானவர்கள் என்றார்கள். குளத்தில் நமக்கும் உரிமை உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1937 வரை ஆனது.

தீட்டு என்பது பிறப்பின் மேல் ஒட்டப்பட்ட பொய். தூய்மை என்பது தண்ணீராலும் சோப்பாலும் நாமே செய்துகொள்ளும் காரியம். இந்த வேறுபாட்டை அண்ணல் நன்றாக அறிந்திருந்தார். தீட்டை வாழ்நாள் முழுதும் எதிர்த்த அவர்தான், 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில், தூய்மையாக இருக்கப் பழகுங்கள், தீய பழக்கங்களை விலக்குங்கள், பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்று அறிவுறுத்தினார். அடுத்தவர் மூக்குக்குப் பயந்து குளிக்கச் சொன்ன அறிவுரை அல்ல அது. நம் உடம்பின் மேல் நமக்கு இருக்க வேண்டிய மரியாதை அது.

நாம் செய்ய வேண்டியவை

தினமும் ஒருமுறை சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தோல் ஷாப், செங்கல் சூளை, வயல் வேலைக்குப் போகிறவர்கள் வேலை முடிந்ததும் குளிப்பதே முக்கியம். தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் அக்குள், தொடையிடுக்கு, பாதம், காதின் பின்புறம் ஆகிய இடங்களையாவது சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குளித்த பிறகு துவட்டாமல் ஈரத்தோடு உடை மாட்டினால் குளித்த பலன் பாதி போய்விடும்.

நம் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தோலில் பிசுபிசுப்பாகத் தங்கி அரிப்பை உண்டாக்கும். கடைசியாக ஊற்றும் ஒரு சொம்பாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

அக்குள் முடியை அவ்வப்போது வெட்டிக் குறைத்துக்கொண்டால் வாடை குறையும். சென்ட் அடித்து நாற்றத்தை மறைக்க முடியாது. இரண்டும் கலந்து இன்னும் மோசமாகத்தான் வீசும். நாட்டு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் படிகாரத்தை நனைத்து, குளித்த அக்குளில் லேசாகத் தடவினால் போதும். புண் இருந்தால் தடவ வேண்டாம்.

உள்ளாடையும் சாக்ஸும் தினமும் மாற்ற வேண்டும். வேலைக்கு ஒரு ஜோடி உடையைத் தனியே வைத்து, வீட்டு உடைகளோடு கலக்காமல் துவையுங்கள். பாலியஸ்டர் துணி வாடையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பருத்தி நல்லது. துவைத்ததை வெயிலில் உலர்த்துங்கள். மாதவிடாய்த் துணியை மறைவில் ஈரத்தோடு காயவைப்பது தவறு. வெயில் படும் இடத்தில் காயவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாப்கினை நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஈரத்திலேயே நின்று வேலை செய்பவர்களுக்குக் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். இரவில் காலைக் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். ஒரே துண்டை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தினால் படர்தாமரை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். அதற்கு மெடிக்கலில் கேட்டு வாங்கித் தடவும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதலில் அடங்கியது போல் இருந்து பிறகு உடம்பெல்லாம் பரவும். குரோம் பட்ட கையில் அரிப்போ ஆறாத புண்ணோ இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். கையில் ஒட்டிய பசையைத் தின்னர் ஊற்றிக் கழுவாதீர்கள். தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டுச் சோப்பால் கழுவுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிக்கொள்ளலாம்.

எவ்வளவு சுத்தமாக இருந்தும் திடீரென்று வாடை மாறினாலோ, இரவில் படுக்கை நனையும்படி வியர்த்து எடையும் குறைந்தாலோ, அது சர்க்கரை நோய், காசநோய் போன்றவற்றின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இத்தனைக்கும் தண்ணீர் எங்கே?

மாநகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், கிராமத்தில் ஜல் ஜீவன் திட்டத்தின்படி 55 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. நாற்பது டிகிரி வெயிலில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்றுவிட்டு வரும் ஒருவர் குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க 55 லிட்டர் எப்படிப் போதும்? அந்த அளவாவது நம் தெருக் குழாய்க்கு வந்து சேருகிறதா என்பது அடுத்த கேள்வி.

நிலத்தடி நீர் எப்படி உப்பானது என்பதும் ஊரறிந்த கதை. இந்த மாவட்டம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் தாங்கியிருந்த காலத்தில் தொடுக்கப்பட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கூறியது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. தண்ணீரைக் கெடுத்த தொழில் ஒரு பக்கம், அதில் உழைத்துவிட்டுக் குளிக்கத் தண்ணீர் தேடும் தொழிலாளி மறுபக்கம். நாற்றத்துக்கான பழி மட்டும் தொழிலாளி தலையில்.

தொழிலாளர் கைகால் கழுவுவதற்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே, மறைவுடன், போதுமான வசதி செய்து தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 42ஆவது பிரிவில் சொன்னது. மாற்று உடை வைக்கவும் ஈர உடை உலர்த்தவும் இடம் தருவதைப் பற்றி 43ஆவது பிரிவு பேசியது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, குளிக்கும் இடத்தையும் உடை வைக்கும் அறையையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஆகவே வேலை முடிந்ததும் கம்பெனியிலேயே கழுவி, வேறு உடை மாற்றிக்கொண்டு வெளியே வருவது நாம் கேட்கும் சலுகை அல்ல. குழாயில் தண்ணீர் வராத, கதவில் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் நம் பெண்கள் இதை முதலில் கேட்க வேண்டும். தனியாளாகக் கேட்டால் வேலைக்கு ஆபத்து என்ற அச்சம் நியாயமானதே. சங்கமாகக் கேளுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகளிடம் எழுதிக் கொடுங்கள். வேலூர் மாவட்டத்தில் உள்ளவர்கள் திங்கள்தோறும் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் தெருக் குழாய்க்கும் சேர்த்து மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பிள்ளையிடம் வாடை வந்தால் வகுப்பின் முன் நிறுத்திச் சொல்லாதீர்கள். தனியே அழைத்து, அவன் வீட்டில் தண்ணீர் இருக்கிறதா, மாற்றுச் சீருடை இருக்கிறதா என்று கேளுங்கள். எட்டாம் வகுப்பிலேயே வியர்வையின் அறிவியலை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொல்லிக் கொடுத்தால் பாதிக் கேலி ஓய்ந்துவிடும். சாதியைச் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பள்ளிகள் நினைவில் வைக்க வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் அப்பாவின் சட்டையில் வீசும் வாடையில்தான் உங்கள் நோட்டுப் புத்தகம் வாங்கப்பட்டிருக்கிறது. அதற்காக ஒருநாளும் தலைகுனிய வேண்டாம். குளித்து, துவைத்த உடை அணிந்து, முதல் வரிசையில் போய் உட்காருங்கள். பக்கத்தில் யாராவது நகர்ந்து உட்கார்ந்தால் அவர் நகரட்டும், நீங்கள் நகராதீர்கள்.