"இந்த வயசுல எதுக்கு டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் மட்டும் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளியில் ஒரு தவணை, அதாவது ஏறக்குறைய மூன்று மாதம், கணக்குப் பாடத்துக்கு உதவியாக இருக்கப் போகிறேன். சம்பளம் கிடையாது. அங்கே வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் உறவினர் மூலம் பழக்கம். மலையகத் தமிழ்ப் பள்ளிகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாது என்பது நெடுநாளைய குறை.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், 34 வருட அனுபவம், இதற்கு மேல் என்ன தயாரிப்பு வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் வேலையாக அட்டை வாங்கி உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாம் எழுதி வைத்தேன். போனில் சொன்னதும் அந்த ஆசிரியை சிரித்துவிட்டார். "தமிழ் பிள்ளைங்களுக்குத் தெரியும் டீச்சர். பின்னம்தான் தெரியல."

அட்டைகளைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.

பிறகு அவர் சொன்னபடி இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து பாடநூல்களை இறக்கினேன். எல்லாம் இலவசம், தமிழிலேயே இருக்கின்றன. அங்கேதான் என் கர்வம் உடைந்தது. நாம் இயற்கணிதம் என்பது அங்கே அட்சரகணிதம். முக்கோணம், முக்கோணி. இணைகோடுகள், சமாந்தரக் கோடுகள். நம் மீ.சி.ம. அங்கே பொ.ம.சி., பொது மடங்குகளுட் சிறியது. விஞ்ஞானப் புத்தகத்தில் ஆக்சிஜன் ஒட்சிசன், கார்பன் டை ஆக்சைடு காபனீரொட்சைட்டு! வாய்விட்டு நான்கு முறை படித்தால்தான் நாக்கில் வருகிறது.

சிரிக்க மட்டும் இல்லை இது. தரம் 11 முடிவில் அந்தப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கேள்வி அவர்கள் சொல்லில்தான் வரும். நான் மூன்று மாதம் என் சொல்லில் நடத்திவிட்டு வந்தால், பரீட்சை அறையில் முழிக்கப் போவது நான் இல்லை. வேற்றுமொழி நாட்டுக்குப் போகிறவர் பயந்து படித்துக்கொண்டு போவார். "தமிழ்தானே" என்று போகிறவரிடம்தான் ஆபத்து அதிகம். நம் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியபோது புத்தகம் மாறியதற்கே எவ்வளவு திண்டாட்டம்! இப்போது ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதுகிறேன். இடப்பக்கம் நம் சொல், வலப்பக்கம் அவர்கள் சொல். நோட்டுக்கு அங்கே கொப்பி என்று பெயர்.

அடுத்தது, தன்னார்வம் என்பதைப் பற்றி என் அபிப்பிராயம். கசப்பாக இருக்கலாம். நான் வேலை பார்த்த பள்ளிக்கு ஒரு முறை வெளியூரிலிருந்து இளைஞர்கள் வந்து இரண்டு வாரம் வகுப்பெடுத்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆட்டம், பாட்டம், மிட்டாய், கடைசி நாள் போட்டோ. போன பிறகு என் வகுப்பில் ஒரு சிறுமி தினமும், "அந்த அக்கா எப்ப டீச்சர் வருவாங்க?" என்று கேட்டாள். விட்ட இடத்திலிருந்து பாடத்தைப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. எந்தப் பாடத்தில் விட்டார்கள் என்று எழுதி வைக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதனால் நானே சில நிபந்தனைகள் போட்டுக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது. பிறகு பின்தங்கிய பிள்ளைகளை ஐந்தாறு பேராகப் பிரித்து, அந்த ஆசிரியை சொல்லும் பாடத்தை மட்டும் நடத்துவது. அன்றன்று நடத்தியதை எழுதி அவரிடம் கொடுப்பது. நேர அட்டவணையில் என் பெயர் வரக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஆசிரியர் சங்கத்தில் இருந்த என் தோழி. "அங்கேயும் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கும். நீ சும்மா போய் நின்றால் அந்த இடத்தை ஏன் நிரப்புவார்கள்?" என்றாள். நியாயம். நம் ஊரில் அப்படி யாராவது வந்திருந்தால் நானே கொடி பிடித்திருப்பேன்.

சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளமில்லாமல்கூட வேலை செய்யக்கூடாது. அதற்கென்று அனுமதி வேண்டும். பள்ளி அதிபர் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். வந்தால்தான் பயணம்.

"புண்ணியம் டீச்சர்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தை மட்டும் வேண்டாமே. 1948இல் அந்த மக்களின் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் காரைக்காலிலிருந்தும் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் கூலிக்கு ஆள் ஏற்றினார்கள். எந்தக் கப்பலில் யார் ஏறியது என்பதில்தான் அந்தப் பிள்ளைகளுக்கும் நமக்கும் வித்தியாசம்.

கப்பல் என்றதும் நினைவு வருகிறது. காங்கேசன்துறைக்குக் காரைக்காலிலிருந்து கப்பல் என்றுதான் முதலில் பேச்சு. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து விட்டார்கள். பரவாயில்லை, நாகை பக்கம்தான். அதில் போகவே ஆசை.

மாத்திரை, கண்ணாடி, கொப்பி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மலையில் குளிர் கடுமையாம். பாரதியார் வீதியில் கம்பளி ஸ்வெட்டர் கேட்டால், இந்த வெயிலில் எதற்கு என்று சிரிக்கிறார்கள். நல்லதாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.