கடலின் வெம்மையும் குட்டியின் பசியும்

தாயன்பு மக்கட்கே உரியதொரு குணமென்று எண்ணுவோர், கலிபோர்னியக் கரைக்கு அப்பாலுள்ள சான் மிகுவல் தீவின் கடற்சிங்கங்களை அறியாதவராவர். ஜூன் மாதத்தை ஒட்டி ஒற்றைக் குட்டி ஈனும் தாய், ஏறத்தாழ 11 மாதம் அதற்குப் பாலூட்டுகின்றது. இரைதேடிச் சில நாள் கடலிற் சென்று மீளும்போது, எண்ணிறந்த குட்டிகள் கதறும் கரையில் தன் குட்டியைக் குரலாலும் மணத்தாலும் தெரிந்து அணைத்துக்கொள்ளுகின்றது.

இத்தகைய தாய்மார் இருக்கவும், 2015ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் 3,000க்கு மேற்பட்ட குட்டிகள் எலும்புந் தோலுமாய்க் கலிபோர்னியக் கரையில் ஒதுங்கின. காரணம் யாது? தாயின் அன்பு குறைந்ததோ? அன்று, இரை அகன்றது. கொழுப்பு மிக்க மத்தியும் நெத்திலியும் சில ஆண்டுகட்கு முன்னரே அக்கடலில் அருகத் தொடங்கியிருந்தன. 2014 முதல் நீரும் வழக்கத்தினும் வெம்மையுறவே, இடர் இரட்டித்தது. தாய் நெடுந்தூரஞ் சென்று, நாள் பல கழித்து, பால் வற்றி மீண்டது. குட்டியோ பசி பொறாது, வேட்டையிற் பழகுமுன்னரே தானே கடலில் இறங்கிற்று.

"அவ்வினம் முன்னையினும் பெருகித்தானே உள்ளது? பின் கவலை எதற்கு?" என்று சிலர் வினவலாம். பெருகியது உண்மையே. 1972இல் அமெரிக்க நாட்டார் இயற்றிய கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில், 1975இல் ஏறத்தாழ 89,000ஆக இருந்த தொகை 2008இல் 2,81,000 ஆயிற்று. ஆயினும், அத்தொகையை எண்ணிய அறிஞர் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியையும் நோக்குக. கடல்நீரின் மேற்பரப்பு வெப்பம் 1 டிகிரி செண்டிகிரேடு உயரின் அப்பெருக்கம் நின்றுபோம் என்றும், 2 டிகிரி உயரின் ஆண்டுதோறும் நூற்றுக்கு 7 வீதம் தொகை குறையும் என்றும் அது கூறுகின்றது.

சட்டம் வேடனது துப்பாக்கியைத் தடுத்தது. பாலை வற்றச்செய்யும் வெம்மையைத் தடுக்க அதற்கு வலியில்லை. அவ்வாண்டுகளின் வெம்மை முற்றும் மக்களால் விளைந்ததென்று யாம் கூறோம்; இயற்கையின் மாறுதலும் அதிற் கலந்திருந்தது. ஆனால் உலகக் கடல்கள் வரவர வெப்பமேறுதற்கு நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே முதற்காரணமாம்.

ஆதலின், நண்பர்காள், ஓரினத்தின் நலத்தை அறியப் புகுவோர் வளர்ந்தவற்றின் தலையை எண்ணுவதோடு அமையாது, குட்டிகளின் எடையையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். கொல்லாது விட்டோம் என்னுமளவில் நம் கடமை தீர்ந்துவிடாது. உயிரோடு விட்ட தாய்க்கு, அது தன் குட்டியை வளர்த்தற்கேற்ற கடலையும் விட்டுவைத்தலே முழுமையான காப்பாகும்.