கட்டிலடியில் ஒரு புகைச்சல்

என் தப்பை நானே சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. உங்களில் ஒருத்தருக்காவது உதவுமே!

போன மாசி மாதம் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். சின்ன ஃப்ளாட். நாலு வயசுப் பேரன் பாட்டி பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம். குழந்தையைக் கொசு பிடுங்குமே என்று பொழுது சாய்ந்ததும் ஜன்னலை எல்லாம் இறுக்கச் சாத்தி, கட்டிலடியில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றி வைப்பேன்.

மூன்றாம் நாள் நடுராத்திரி. ஓயாத இருமல். நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம். மூச்சு விடத் திணறி விலா உள்ளே போய்ப் போய் வந்தது. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மூச்சு சீரான பிறகு டாக்டரம்மா கேட்டார்: "வீட்டிலே யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"ஐயையோ, அந்தப் பழக்கமே கிடையாது!"

"கொசுவர்த்தி ஏத்தறீங்களாம்மா?"

நான் வாயடைத்துப் போனேன்.

ஒரு சுருள் எரிந்து தீர்ந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்கிறது 2003-இல் வெளியான ஓர் ஆய்வு. சுருளில் கொசு மருந்து துளிதான். மீதியெல்லாம் மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத்தூள் போன்றவை. அவைதான் ராத்திரி முழுக்கக் கனன்று புகைகின்றன. சாத்திய அறையில் அந்தப் புகை எங்கே போகும்? குழந்தையின் நெஞ்சுக்குள்தான். சாம்பிராணி, ஊதுபத்தியானாலும் புகை புகைதான். இழுப்பு உள்ள குழந்தையின் அறையில் வேண்டாம்.

மறுநாளே கொசுவலை வாங்கினோம். ஜன்னலுக்கும் வலை அடித்தோம். இப்போது காற்று வரும், கொசு வராது. வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் நன்றாகச் செருக வேண்டும், கிழிசலைத் தைத்துவிட வேண்டும்.

இன்னொன்று. டெங்கு கொசு பகலில் கடிக்கும். ராத்திரிச் சுருள் அதைத் தடுக்காது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

டாக்டர் கொடுத்த மருந்தை நாமாக நிறுத்தக்கூடாது. பேரனுக்கு மருந்து தொடர்கிறது. ஆனால் ராத்திரி இருமல் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

"பாட்டி, கூடாரத்துக்குள்ளே வா!" என்று வலைக்குள்ளிருந்து கூப்பிடுகிறான். போய்ப் படுத்துக்கொள்கிறேன், புகையில்லாமல்.