நாளை நாளை என்று தள்ளாதீர்!

"சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. இன்னும் வியாதி ஆகவில்லை. தினம் நடந்தால் நல்லது" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார்.

வீட்டுக்கு வந்ததும் குடும்பத் தலைவர் சொல்கிறார்: "பொங்கல் கழியட்டும். அப்புறம் பார், தினமும் நடக்கப் போகிறேன்."

பொங்கல் கழிகிறது. "தேவனாம்பட்டினத்தில் மாசி மகம் வருகிறது. அது போகட்டும்" என்கிறார். மாசி மகம் போகிறது. வெயில் வருகிறது. "பாடலீசுவரர் கோவில் வைகாசித் தேர் முடியட்டும்" என்கிறார். தேரும் நிலைக்கு வந்துவிடுகிறது. பிறகு ஐப்பசி மழை, தீபாவளிப் பலகாரம். பிறகு சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனம். மறுபடியும் பொங்கல்!

ஓர் ஆண்டு ஓடிவிட்டது. தேர்கூட வீதியைச் சுற்றி வந்துவிட்டது. அவர் மட்டும் நடக்கவில்லை.

இது திருப்பாதிரிப்புலியூரில் ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. தமிழ்நாட்டில் பல வீடுகளின் கதை இதுதான்.

வலிக்காத வியாதி

பல் வலி வந்தால் யாரும் பொங்கல் வரை காத்திருப்பது இல்லை. விடிந்ததும் டாக்டரைத் தேடி ஓடுகிறார்கள்.

சர்க்கரை வியாதி அப்படி அல்ல. தொடக்கத்தில் வலிக்காது. சாப்பாடு இறங்கும். தூக்கம் வரும். உள்ளுக்குள்ளே கண், சிறுநீரகம், கால் நரம்பு, இருதயம் ஆகியவை மெல்ல மெல்லக் கெடும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

நடப்பதால் வரும் சிரமம் இன்றைக்கே தெரிகிறது. அதன் பலனோ பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். அதனால் மனம் சிரமத்தைத் தள்ளிப்போடப் பார்க்கிறது.

"மாட்டேன்" என்று சொன்னால் மனம் உறுத்தும். "நாளைக்கு" என்று சொன்னால் உறுத்தாது. நடக்கவும் வேண்டாம், நல்ல பிள்ளை என்ற பெயரும் போகாது. அந்தச் சொல்லின் ஆபத்து அதுதான்.

வள்ளுவர் மனிதனைக் கெடுக்கும் நான்கு குணங்களைச் சொல்லும்போது, காலம் தாழ்த்துவதை முதலில் வைத்தார். கெடப் போகிறவர்கள் ஆசையோடு ஏறும் மரக்கலம் என்று அதற்குப் பரிமேலழகர் பொருள் கூறுகிறார். துறைமுகம் கண்ட கடலூர்க்காரர்களுக்கு அது நன்றாகப் புரியும். ஏறும்போது சுகமாகத்தான் இருக்கும்.

மூன்றே ஆண்டில்...

ஒத்திப்போட்டால் என்ன நஷ்டம்? அதற்குச் சென்னையிலேயே கணக்கு இருக்கிறது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2006-ம் ஆண்டு வெளியாயிற்று. சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள்.

ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும் சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு, உணவில் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்கவும், தினம் குறைந்தது 30 நிமிடம் வேகமாக நடக்கவும் தொடர்ந்து வழி காட்டப்பட்டது.

முதல் பிரிவில், 3 ஆண்டில் 100-க்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். இரண்டாவது பிரிவில் அது 39 ஆகக் குறைந்தது.

நடை மந்திரம் அல்ல. 39 பேருக்கு அப்போதும் வியாதி வந்தது. ஆனால் 100-க்கு 16 பேர் தப்பினார்கள். 16 வீடுகளில் மாத்திரைச் செலவு இல்லை.

மூன்று பொங்கல் தள்ளிப்போட்டால், பாதிப் பேருக்கு மேல் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார்கள். 2023-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் அந்த வாசற்படியில் நிற்பவர்கள் சுமார் 13½ கோடி பேர்!

நந்தனாரின் நாளை

"நாளை" என்ற சொல்லாலேயே பெயர் பெற்ற ஒருவர் உண்டு. அவர் நந்தனார். ஆதனூரில் இருந்து சிதம்பரம் போக ஆசைப்பட்டார். "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் திருநாளைப்போவார் ஆனார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியுமா? முடியாது. தீண்டாமை அவர் வழியை மறித்தது. அந்த "நாளை" பிறர் அவர் மேல் சுமத்தியது.

இன்றும் அப்படிச் சுமத்தப்பட்ட நாளை உண்டு. விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, சமையல் முடித்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, பாத்திரம் துலக்கும் தாய்க்கு நேரம் எங்கே? அவரிடம் போய் "ஏன் நடக்கவில்லை?" என்று கேட்பது நியாயம் அல்ல. கணவரும் பிள்ளைகளும் ஒரு வேலையைப் பகிர்ந்துகொண்டால் அவருக்கு அரை மணி கிடைக்கும். அவருடைய நாளையை இன்று ஆக்குவது வீட்டாரின் கடமை.

நேரம் இருந்தும் நாற்காலியை விட்டு எழாதவருக்கோ, சொல்ல ஒரு காரணமும் இல்லை.

எப்படித் தொடங்குவது?

சிறிதாகத் தொடங்க வேண்டும். முதல் நாளே 5 மைல் நடந்தால் இரண்டாம் நாள் கால் வலிக்கும். மூன்றாம் நாள் விட்டுப்போகும். வாரத்துக்கு 150 நிமிடம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும். இருதய நோயோ வேறு நோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

தினம் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு நடையைச் சேர்த்துக் கட்ட வேண்டும். மாலையில் காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும் செருப்பை மாட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

லண்டனில் 96 பேரிடம் இந்த முறையைச் சோதித்தார்கள். 2010-ல் முடிவு வெளியாயிற்று. புதிய செயல் தானாக வரும் பழக்கமாவதற்குச் சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. சிலருக்கு 250 நாளுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தது. நடுவான கணக்கு 66 நாள். நம் ஊர் வழக்கில், ஒரு மண்டலத்தைவிடச் சற்றுக் கூடுதல்.

இன்னொன்றும் கண்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. ஆகவே ஒரு நாள் மழை பெய்தால், "எல்லாம் போயிற்று, இனி தை மாதம்தான்" என்று கைவிட வேண்டாம். மறுநாள் நடந்தால் சரியாகிவிடும்.

"ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சுக்குப் போய் நடக்கலாம்" என்பதும் ஒரு சாக்குத்தான். பாடலீசுவரர் கோவிலின் தேர் வீதி பக்கத்திலேயே இருக்கிறது. புதுச் செருப்பு வேண்டாம். தனி உடை வேண்டாம். நல்ல நாள் பார்க்க வேண்டாம்.

இன்று மாலை 10 நிமிடம் போதும். தெருக்கோடி வரை போய்த் திரும்பினால் சரி. மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.